தளர்ந்த உட்பலகைகளைச் சீர்செய்யும் முறை

அபிங்டனிலோ கொவென்ட்ரியிலோ அரை நூற்றாண்டுக்கு முன் கட்டப்பட்டு, கப்பலேறி வந்து, இன்றும் கண்டி மாநகரத்தின் மேடு பள்ளங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதவைச் சாத்தும்போது, இரும்பு இரும்போடு பொருந்தும் கெட்டியான ஓசையைத் தொடர்ந்து, பலகையொன்று தனியே அடித்துக்கொள்ளும் சிற்றோசையும் கேட்குமானால், அக்காரின் சொந்தக்காரர் சாமானியமாகச் செய்யும் முதற் காரியம், ஹாட்வெயார் கடையில் இன்னும் சற்று நீளமான திருகாணிகளை வாங்கிவந்து, அசையும் இடத்தை அழுத்திப் பிடித்து முடுக்கிவிடுவதேயாகும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அத்திருகாணிகளும் தளர்ந்து, முன்பிருந்தவற்றைவிடப் பெரிய துவாரங்களை விட்டுச் செல்லும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கிப் பலகையை ஊறவைத்ததே தளர்ச்சிக்குக் காரணம் என்பதை அறியாமையால் நேர்வது இது. ஆகையால் இந்த அத்தியாயத்தில் நீரைப் பற்றி முதலிலும் பலகையைப் பற்றிப் பின்னருமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதற் பகுதியைப் பொறுமையோடு கடந்து வருகிறவருக்கு இரண்டாம் பகுதியின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

நம் மலைநாட்டில் இவ்வகைக் கார்கள் பெருகிய வரலாறு தேயிலைத் தோட்டங்களோடு சம்பந்தப்பட்டது. தோட்டத் துரைமாரும் அவர்களைப் பின்பற்றிய நகரத்துச் செல்வரும் விரும்பி வரவழைத்த சிறிய திறந்த கார்களுக்கு, 1934ஆம் ஆண்டில் நுவரெலியாவில் ஆரம்பமான மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் ஒரு தனி மதிப்பைத் தேடிக் கொடுத்தது. யுத்தத்துக்குப் பின் எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி., டி.டி., டி.எப். என்ற வண்டிகளும், 1955 முதல் எம்.ஜி.ஏ.யும், 1962 முதல் எம்.ஜி.பி.யும், இவற்றோடு ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம்.ஜி. மிட்ஜெட், டிரையம்ப் ஸ்பிட்பயர் முதலியனவும் புகழ் பெற்றன. பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, 1977 வரையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், இங்கிலாந்திலிருந்து ஒரு கதவுப்பலகையை வரவழைப்பது சாதாரண மனிதருக்கு எட்டாத காரியமாயிற்று. ஆகவே அந்நாளில் நம்மவர் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு, தேயிலைப் பெட்டிப் பலகையாயினும் சரி, பழைய ரெக்சினாயினும் சரி, பழுது பார்த்துக் கொண்டார்கள். அந்தக் கைவேலையை இன்று இகழ்வது நியாயமாகாது. அதனாலேயே அந்தக் கார்கள் உயிர் தப்பின. ஆனால் இன்று உங்கள் காரின் உட்பலகையைக் கழற்றும்போது, தொழிற்சாலை வைத்த பொருளும் பிற்காலக் கைகள் வைத்த பொருளும் கலந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே மனத்திற் கொள்ளுதல் அவசியம். புத்தகத்தில் கண்ட படத்தைப் போலவே உங்கள் கதவும் இருக்குமென்று எதிர்பார்த்து வேலையைத் தொடங்குகிறவர் நடுவழியில் திகைத்து நிற்பார்.

கராஜ்களில் டோர் போர்ட் என்று வழங்கும் இக்கதவு உட்பலகை, அக்கால ஆங்கிலக் கார்களிற் பெரும்பாலானவற்றில், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஹார்ட்போர்ட் தகட்டின் மேல் ரெக்சின் போர்த்தி, விளிம்பைப் பின்புறமாக மடித்து ஒட்டப்பட்ட ஒன்றாகும். பலகையின் ஓரங்களில் சாவித்துவாரம் போன்ற சிறு வெட்டுகள் இருக்கும். அவற்றிற் செருகப்பட்ட வில்லெஃகுக் கிளிப்புகள் கதவின் இரும்பிலுள்ள துவாரங்களுக்குள் அழுந்திப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். ஹார்ட்போர்ட் என்பது மரநாரை அழுத்திச் செய்த பொருளாதலால், காய்ந்திருக்கும்வரை அது போதிய பலமுடையதாயினும், நீர் பட்டவுடன் நார்கள் பருத்து, ஓரம் புடைத்து, உதிரத் தொடங்கிவிடும். கிளிப்பு செருகிய வெட்டின் விளிம்பு உதிர்ந்தபின் கிளிப்பு எவ்வளவு புதியதாயினும் பயன் இல்லை. பற்றிக்கொள்ள அதற்கு ஒன்றும் மிஞ்சியிராது.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில், நடுவே ஒரு வாவியும் பக்கத்தில் மகாவலியுமாக அமைந்த நம் நகரத்தில், இத்தகைய பலகைக்கு ஓய்வென்பதே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறி மாறி மழையைக் கொண்டுவருவதோடு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தோறும் இடியோடு கொட்டும் மழையே எல்லாவற்றிலும் அதிகமாகும். அதற்கு மேல், ஹந்தானைச் சாரலிலோ மரங்கள் அடர்ந்த வளவுகளிலோ திறந்த கொட்டகையில் நிற்கும் கார், மழையில்லாத இரவிலும் பனியையும் ஈரக்காற்றையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கு மிகவும் உகந்த காலம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்கள் என்பது என் அபிப்பிராயம். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர், பிற்பகல் மழைக்கு முன்னதாக, காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரையுள்ள நேரத்தையாவது தேர்ந்துகொள்ள வேண்டும். அதன் காரணம் பசையைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

இனிப் பலகையைக் கழற்றும் கிரமத்தைச் சொல்லுகிறேன். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஷட்டர் கைப்பிடியும் கதவு திறக்கும் கைப்பிடியும் எந்த நிலையில் நிற்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, அவற்றை முதலில் எடுக்க வேண்டும். எம்.ஜி.பி., மிட்ஜெட் வகைகளில் ஷட்டர் கைப்பிடியின் நடுவில் திருகாணி வெளிப்படையாகவே தெரியும். டிரையம்ப் வண்டிகளிற் பலவற்றில் அவ்வாறு எதுவும் தெரியாது. கைப்பிடிக்கு அடியிலுள்ள வட்டத் தகட்டைக் கதவை நோக்கி அழுத்தினால், தண்டின் குறுக்கே செருகிய சிறு ஊசி ஒன்று தென்படும், அதை மெல்லிய ஆணியால் தட்டி வெளியேற்ற வேண்டும். ஜப்பானியக் கார்களில் லாட வடிவமுள்ள கம்பிக் கிளிப்பு ஒன்று கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பழைய பருத்தித் துணி நாடா ஒன்றைக் கைப்பிடிக்கும் வட்டத் தகட்டுக்கும் இடையே நுழைத்து, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், துணி கிளிப்பின் முனையைப் பற்றி வெளியே தள்ளிவிடும். அது பறந்து போய் விழுமாதலால், மறு கையை மேலே குவித்து வைத்துக்கொள்வது நன்று.

திருகாணிகளைக் கழற்றுவதற்கு முன் அவற்றின் தலையை உற்றுப் பார்க்க வேண்டும். 1960களுக்குப் பிந்திய ஆங்கிலக் கார்களில் சிலுவை வெட்டுள்ள திருகாணிகளிற் பல பொசிட்ரிவ் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் தலையில் சிலுவைக் குறிக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளியை அவற்றிற் போட்டால் முதற் சுழற்சியிலேயே நழுவி வெட்டைத் தேய்த்துவிடும். துருப்பிடித்து இறுகியவற்றுக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் வரை விட்டுவைப்பதே உத்தமம்.

அடுத்து, கிளிப்புகள். இங்கேதான் பலகைகளிற் பெரும்பாலானவை உடைகின்றன. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் நெடுங்காலமாகக் குஷன் வேலை செய்துவரும் பெரியவர் ஒருவரிடம், தம் எம்.ஜி.பி.யைக் கொண்டுவந்திருந்த இளைஞர் ஒருவர், "நானா, கீழ கிளப்பினா மேல தானா வந்துருமா?" என்று கேட்டுக்கொண்டே இரு கைகளாலும் பலகையைப் பற்றினார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "இழுக்க வாணாம் சேர். கைய உள்ளுக்கு விட்டுப் பாருங்க. கிளிப் எங்க இருக்குதுண்டு வெரலுக்குத் தெரியும். அதுக்குப் பக்கத்துல மட்டும் கிளப்புங்க" என்றார். பிறகு தாமே, அகன்ற புட்டிக் கத்தி ஒன்றின் நுனியில் துணி நாடாவைச் சுற்றி, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே செருகி, கிளிப்பின் தண்டு கத்தியிற் படும்வரை நகர்த்தி, அதற்கு மிக அருகில் மட்டும் மெல்லத் திருப்பினார். கிளிப்பு சிறு சத்தத்தோடு வெளியே வந்தது, பலகையின் வெட்டு சேதப்படவில்லை. கீழ் விளிம்பில் தொடங்கி, இரு பக்கங்களுக்கும் ஏறி, மேல் விளிம்பைக் கடைசியாக விடுவிப்பதே அவர் கைக்கொண்ட முறை. மேல் விளிம்பு ஒரு தகட்டுப் பட்டைக்கோ மெத்தைப் பட்டைக்கோ அடியில் நுழைந்திருக்கக்கூடுமாதலால், அதை முன்னால் இழுக்காமல் கீழ்நோக்கி நகர்த்தி எடுக்க வேண்டும்.

பலகை கைக்கு வந்ததும் உடனே அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கதவுக்குத் திரும்பாமல், அதன் பின்புறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். கீழ் விளிம்பிலிருந்து சில விரற்கடை உயரத்தில், தேநீர்க் கறையின் நிறத்தில் ஒரு கோடு பலகையின் அகலம் முழுவதும் ஓடியிருக்கும். அதற்குக் கீழே ஹார்ட்போர்ட் கறுத்தும் பருத்தும், அதற்கு மேலே வெளிறியும் காணப்படும். கதவுக்குள் நீர் எவ்வளவு உயரம் நின்றதென்பதற்கு அக்கோடே சாட்சி. கோடு சமமாக ஓடாமல் ஒரு மூலையில் மட்டும் ஏறியிருக்குமானால், அந்த மூலைக்கு நேரே மேலிருந்து நீர் வடிகிறதென்று கொள்ளலாம். கதவுக் கண்ணாடியின் முன் மூலையிலுள்ள சிறு கண்ணாடியின் ரப்பரோ, பக்கக் கண்ணாடியைப் பொருத்தத் துளைத்த துவாரமோ அதற்குக் காரணமாயிருக்கும்.

கதவு என்பது நீர் புகாத பெட்டியன்று. அவ்வாறு அது உத்தேசிக்கப்படவும் இல்லை. கண்ணாடி இறங்கி ஏறுவதற்கு மேலே ஒரு பிளவு இருந்தே தீரும். அதன் வெளி ஓரத்தில் உள்ள பீடிங் ரப்பர் புதிதாயிருக்கும்போதே கொஞ்சம் நீரை உள்ளே விடும், வெயிலில் வெடித்துக் கல்லாகிவிட்டபின் தாராளமாக விடும். உள்ளே புகுந்த நீர் கண்ணாடியின் வழியாக இறங்கி, கதவின் அடியிலுள்ள வடிதுவாரங்களால் வெளியேற வேண்டுமென்பதே அமைப்பாளரின் எண்ணம். அவ்வாறு இறங்கும் நீர் தெறித்துப் பலகையில் படாதிருக்க, இரும்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பொலித்தீன் தாள் ஒட்டப்பட்டிருக்கும். முன்பு பழுது பார்த்தவர்கள் அனாவசியமென்று கருதிக் கிழித்து எறிந்த பொருள்களில் முதன்மையானது இந்தத் தாள்தான். வடிதுவாரங்களோ, சேறும் துருப்பொடியும் இலைத்தூளும் சேர்ந்து, சில சமயம் பெயின்ட் அடித்தவரின் கவனக்குறைவாலும் அடைபட்டிருக்கும். மொட்டையான கம்பி ஒன்றால் அவற்றைக் குத்தி விட்டு, கதவின் அடிமடிப்பிற் சேர்ந்திருக்கும் மண்ணைத் தூரிகையால் வாரி எடுத்து, பின்பு ஒரு குவளை நீரைக் கண்ணாடியின் வெளிப்புறமாக மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய நீர் சில நிமிஷங்களுக்குள் அடியில் ஒழுகி முடிந்தால் கதவு சுகமாயிருக்கிறது. ஒழுகவில்லையென்றால் பலகை வேலையைத் தொடங்கவே கூடாது.

புதிய பொலித்தீன் தாளை வெட்டி ஒட்டும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். ஓட்டுக் கூரையில் மேலோட்டின் நுனி கீழோட்டின் மேல் படிந்து நீரைக் கடத்துவது போல, தாளின் கீழ்நுனி கதவின் இரும்புக்கு உட்புறமாக, பெரிய துவாரத்தின் வழியே கதவுக்குள்ளே நுழைந்து தொங்க வேண்டும். நுனியை வெளிப்புறமாக ஒட்டிவிட்டால், தாளின் மேல் வடியும் நீர் முழுவதும் நேரே பலகையின் மடியில் வந்து சேரும். தாளே இல்லாதிருப்பதைவிட அது மோசமானது. ஒட்டுவதற்குக் கறுப்பு நிறமான பியூட்டைல் நாடா மிகச் சிறந்தது; மறுபடி உரித்தெடுக்கவும் அது இடங்கொடுக்கும். காடி மணம் வீசும் சாதாரண சிலிக்கோன் பசையை இரும்பின் அருகே கொண்டுவராதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இப்போது பலகைக்கு வருவோம். ரெக்சின் கிழியாமலும் ஹார்ட்போர்ட் ஓரங்களில் மட்டும் கெட்டும் இருக்குமானால் அதைக் காப்பாற்றலாம், காப்பாற்றவும் வேண்டும். பலகையை நிழலில், இரண்டு சமதளமான பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரமேற்றி, முற்றிலும் காயும்வரை விட்டுவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் ஒரு முகம் முந்திக் காய்ந்து பலகை வில்லாக வளைந்துவிடும், அந்த வளைவை எந்தக் கிளிப்பாலும் இழுத்துப் பிடிக்க முடியாது. காய்ந்தபின் உதிர்ந்த வெட்டுகளின் விளிம்பில் இலேசான எபொக்சிப் பசையைத் தூரிகையால் ஊற விட்டு, கெட்டியானதும், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் அதே சாவித்துவார வடிவை வெட்டி, பலகையின் பின்புறம் ஒட்டினால், கிளிப்பு இனித் தகட்டையே பற்றி நிற்கும். இதற்குப் பிளைவுட் துண்டை உபயோகிப்பவர்கள் உண்டு. அத்துண்டின் தடிப்பால் பலகை இரும்போடு படியாமல் அவ்விடத்தில் மட்டும் விலகி நிற்குமாதலால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பலகை முழுவதும் உப்பி நொறுங்கிவிட்டதென்றால் புதிதாக ஒன்று வெட்டுவதே வழி. 3 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் ஹார்ட்போர்டைவிட நீரை நன்றாகத் தாங்கும். அந்த அளவு கண்டியில் அகப்படாவிட்டால் கொழும்பிலிருந்து வரவழைத்துக்கொள்வது சிரமத்துக்கு ஈடானது. பழைய பலகையைப் படிவமாக வைத்து வரைந்து, ரெக்சின் மடிப்பின் தடிப்புக்காக விளிம்பைச் சற்றுக் குறைத்து அறுக்க வேண்டும். பழைய பலகையே இல்லாதவர், கதவின் கிளிப்புத் துவாரங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியை அழுத்திப் பூசி, புதிய பலகையை உரிய ஸ்தானத்தில் வைத்துத் தட்டினால் துவாரங்களின் அடையாளம் பின்புறத்தில் பதிந்துவிடும். துளைகளும் வெட்டுகளும் முடிந்த பிறகு, துணி போர்த்துவதற்கு முன்னர், இரு முகங்களுக்கும், விசேஷமாக விளிம்புகளுக்கும் ஒவ்வொரு துளையின் உட்சுவருக்கும், வார்னிஷ் இரண்டு தடவை பூச வேண்டும். பலகை நீரைக் குடிப்பது அதன் முகத்தாலன்று, அறுத்த விளிம்பால். பின்முகத்துக்கு மட்டும் பூசி முன்முகத்தை விட்டுவிட்டால் ஈரம் ஒருபுறமாக ஏறி மறுபடியும் வளைவு உண்டாகும்.

ரெக்சின் ஒட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர்களும் குஷன் வேலைக்காரர்களும் உபயோகிக்கும் ரப்பர்ப் பசையே தகுதியானது. வெள்ளை மரப்பசை இதற்கு உதவாது. மூடிய கார் வெயிலில் நிற்கும்போது உள்ளே ஏறும் சூட்டில் அது இளகிவிடும். இரு பக்கங்களிலும் மெல்லிதாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து, பின்பு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும். மழைக்கு முந்திய கனத்த காற்றில் இதைச் செய்தால், பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் பனித்துளியாய்ப் படியும். பசை வெளுத்துத் தோன்றும், ஒட்டியது போலக் காட்டிச் சில வாரங்களில் கைவிட்டுவிடும். காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளச் சொன்னதன் காரணம் இதுவே. பழைய ரெக்சின் சுருங்கி விளிம்புக்கு எட்டாதிருந்தால், அரை மணி நேரம் இளவெயிலில் வைத்து மிருதுவாக்கிக்கொண்டு இழுக்கலாம். இப்பசையின் ஆவி தீப்பற்றக்கூடியதும் தலைசுற்றல் தரக்கூடியதுமாதலால், கதவடைத்த அறையில் இந்த வேலையைச் செய்யலாகாது.

பலகை சீரானாலும் இரும்பிலுள்ள துவாரங்கள் தேய்ந்திருந்தால் பயனில்லை. திருகாணித் துவாரம் அகன்றிருக்குமிடத்தில் இன்னும் பெரிய திருகாணியைப் போடுவதற்குப் பதிலாக, தகட்டின் விளிம்பில் செருகக்கூடிய யூ வடிவ எஃகுக் கிளிப்பைப் பொருத்தி, பழைய அளவுத் திருகாணியையே உபயோகிக்க வேண்டும். ஆங்கில அளவு மரையில் மெட்ரிக் திருகாணியைத் திணிப்பதும் கேடுதான். திருகாணியின் நீளம் 12 மில்லிமீட்டரைத் தாண்டாதிருப்பது நலம். முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முற்றாகக் கீழே இறக்கி, முனை கண்ணாடியிற் படுகிறதா என்று பரிசோதித்துக்கொள்ளாதவர்கள், பலகையைப் பிடித்து நிறுத்தி கண்ணாடியைக் கீறிவிடுகிறார்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி அழகானது; ஆயினும் பெயின்ட் உரிந்த இரும்போடு அது நேரே தொட்டால் இரும்பின் துருவை விரைவுபடுத்துமாதலால், துவாரத்துக்குப் பெயின்ட் தொட்டு, மரையில் கிறீஸ் தடவியே போட வேண்டும்.

கால்வைக்கும் இடத்தின் பக்கப்பலகைகள் தளர்ந்திருக்கும்போது இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் முன்கண்ணாடிக்கு முன்னேயுள்ள காற்றுப்பெட்டியிலிருந்து நீரை வெளியேற்ற ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. மாமரத்துக்கோ மழைமரத்துக்கோ அடியில் நிறுத்தும் காரில் அக்குழாய் இலைத்தூளால் அடைபட்டு, பெட்டி நிறைந்து, நீர் காரின் உள்ளே விரிப்பின் அடியில் இறங்கும். பக்கப்பலகையின் திருகாணி பிடிக்க மறுப்பதும், விரிப்பில் புளித்த வாடை வீசுவதும் சேர்ந்து காணப்பட்டால், முதலில் அக்குழாயைப் பாருங்கள். திருகாணிக்குப் பின்னாலுள்ள இரும்பே விரலழுத்தத்துக்கு உள்வாங்குமானால் அது பலகை வேலையைக் கடந்துவிட்டது. கூரையில்லாத அந்த வண்டியின் பலம் பெரும்பகுதி கதவின் கீழே ஓடும் பக்கச் சட்டங்களிலேயே தங்கியிருக்கிறது. தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ் ஒருவரை அழைத்துக் காட்டாமல் புதிய பலகையால் அதை மூடிவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

எம்.ஜி. டி வகை வண்டிகளின் உடல் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியதாதலால், அங்கே பலகைகள் சிற்றாணிகளால் மரத்தில் அறையப்பட்டிருக்கும். ஆணி நிற்கவில்லையென்றால் கூரான தமரூசி ஒன்றால் மரத்தைக் குத்திப் பாருங்கள். ஊசி எளிதில் இறங்கினால் உளுத்திருக்கிறது, அல்லது கறையான் நுழைந்திருக்கிறது. அந்தத் துண்டை மாற்றாமல் ஆணியை இடம் மாற்றி அறைவதில் பிரயோசனம் இல்லை. இருக்கைக்குப் பின்னாலுள்ள பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹூட்டின் தையல் வழியே நீர் ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் அவை தாமே நீடிக்கும்.

1989க்குப் பின் வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற ஜப்பானியக் கார்களில் கிளிப்புகளையும் கவனிக்க வேண்டும். பலகையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் முதுமையால் நொறுங்குகின்றன. தண்டு வெளுத்த கிளிப்பைத் திரும்ப உபயோகிக்காதீர்கள். பழைய கிளிப்பு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, தலையின் அகலத்தையும் தண்டின் தடிப்பையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். கண்டியிற் கிடைக்காதவை கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிற் கிடைக்கக்கூடும். காற்றுப்பை உள்ள காராயின், பற்றரித் தொடர்பைத் துண்டித்து, சிறிது நேரம் கழித்தே எதையும் கழற்ற வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் ஓட்டிப் பார்ப்பதற்கு, பேராதனை வழியாகக் கடுகண்ணாவை மேட்டுக்குச் சென்று திரும்புவது தக்க பரிசோதனை. அந்தப் பாதையை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் நிற்கும் அவ்விடத்திலிருந்து, கீழ்நோக்கி மாவனல்லைப் பக்கம் இறங்கி, தாழ்ந்த கியரில் மறுபடி ஏறும்போது, எஞ்சினின் அதிர்வு காரிலுள்ள ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே பேச வைக்கும். கூட வருகிறவரைப் பலகைகளின் மேல் உள்ளங்கையை வைத்து இடம் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தும்போது ஓசை நிற்கிறதோ அங்கே கிளிப்புக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதை நிரப்ப, பஞ்சு போன்ற ஸ்பொஞ்சை வைக்காதீர்கள். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு முதல் வியாதியையே திரும்ப அழைத்துவரும். நீர் புகாத மூடிய நுரை ரப்பர் நாடாவை மெல்லிய துண்டாக ஒட்டினாற் போதும்.

கழற்றிய பழைய பலகை எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதை எறிந்துவிடாமல், எந்தக் காருக்குரியது, இடமா வலமா என்று பின்புறத்தில் எழுதி, காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். இத்தீவில் எஞ்சியிருக்கும் அவ்வகைக் கார்களுக்கு உண்மையான படிவம் அதுவே. இன்னொருவர் வந்து கேட்கும்போது வரைந்துகொள்ளக் கொடுங்கள். உங்கள் காரைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் கதவின் வடிதுவாரங்களை ஒரு முறை கம்பியால் குத்தி, ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.